பாழ்கிணற்றில் ஊற்றிய பச்சை

நெல்லியடிக்குப் போகிற வீதியில் வாகனம் கழுவி ஒயில் மாற்றுகிற சேவிஸ் நிலையம் ஒன்றை நடத்துகிறேன். ஐந்து பேர் அங்கே வேலை செய்கிறார்கள். காணியை வாங்கியபோது அதன் மூலையில் ஒரு பாழ்கிணறு கிடந்தது. இடப்பெயர்வுக்குப் பிறகு யாரும் இறைக்காமல் விட்ட கிணறு. இப்படி ஒன்று கையில் கிடைத்தால் எங்கள் பக்கத்தில் பலர் செய்வதையே நானும் செய்தேன். வாய்க்கால் வெட்டி, கழுவிய தண்ணீர் முழுவதையும் அதற்குள் விட்டேன். எத்தனை பஸ் கழுவினாலும் அது நிரம்பவில்லை. கடவுளாகப் பார்த்துத் தந்த குழி என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. பார்க்க வந்த அதிகாரி ஓர் இளம்பெண். பாழ்கிணற்றை மூடிவிட்டு, ஒயிலைப் பிரித்தெடுக்கும் தொட்டி கட்டினால்தான் பத்திரம் தரலாம் என்றார். தொட்டி கட்ட இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை பாதி வேலைதான் நடக்கும். ஐந்து பேரில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பத்திரமே எடுக்காமல் சின்ன ஒழுங்கைச் சந்துக்குள் வாகனம் கழுவுகிறவனை ஒருவரும் கேட்பதில்லை, தேடிவந்து விண்ணப்பம் கொடுக்கிறவனின் கழுத்தைத்தான் பிடிக்கிறீர்கள் என்று கத்தினேன். அது தங்கள் பக்கத்துப் பிழைதான் என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். சண்டை பிடிக்க வந்தவனுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

"என்ரை தண்ணி ஆரின்ரை கிணத்துக்குப் போகுதெண்டு காட்டுங்கோ மிஸ். நாளைக்கே மூடுறன்" என்றேன்.

இரண்டு நாளில் ஒரு போத்தல் செந்நிறத் தூளோடு வந்தார். ஆருக்கும் தீங்கு செய்யாத சாயம் என்று சொல்லிக் கரைத்தார். கரைந்ததும் அது கண்ணைப் பறிக்கும் பச்சையானது. பாழ்கிணறு அதையும் மறுபேச்சில்லாமல் குடித்தது. எந்தெந்தக் கிணறுகளைப் பார்க்கவேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார். நிலத்தடித் தண்ணீர் கடலுக்குத்தான் ஓடும் என்பது எங்கள் எல்லோருடைய கணக்கு. அதனால் தொண்டைமானாற்றுப் பக்கமாக இருந்த கிணறுகளையெல்லாம் காட்டிவிட்டேன். ஒரு கிழமைக்குள் எதிலும் பச்சை தெரியாவிட்டால், என் கிணற்றால் பாதிப்பில்லை என்று எழுதித் தருவதாகச் சொன்னார்.

ஆறு நாளும் அவர் எடுத்த போத்தல்களில் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஏழாம் நாள் காலை என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அறிக்கையை எழுதத் தொடங்கினார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனேன்.

எங்கள் நிலையத்துத் தண்ணீர் உவர். குடிக்கவும் தேநீர் போடவும் அரை மைல் தள்ளியிருந்த ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தினமும் பிளாஸ்டிக் கானில் எடுத்து வருவோம். கடலுக்கு நேர் எதிர்ப் பக்கம் அது. எங்கள் அழுக்குப் படாத தண்ணீர் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். கானைச் சரித்துக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, தூசி இருக்கிறதா என்று வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

பச்சை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் தம்ளரை நிலத்தில் ஊற்றிவிட்டேன். கானையும் கவிழ்த்துவிட்டால் அறிக்கை எனக்குச் சாதகமாக முடிந்துவிடும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஆனாலும் இன்னொரு தம்ளர் ஊற்றினேன். அதுவும் பச்சை. வாழைக் குருத்துக்கு வெயில் பட்டதுபோல உள்ளுக்குள்ளிருந்து ஒளிர்ந்தது. நான் கிணற்றில் விட்டது, கல்லுக்கு அடியால், ஆட்களின் வீடுகளுக்கு அடியால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மைல் நடந்து என் கைக்கே திரும்பி வந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல மனிதன் என்பதால் நான் கானைக் கவிழ்க்காமல் விடவில்லை. இப்படி ஒன்றைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"மிஸ், எழுதுறதை நிப்பாட்டுங்கோ. இஞ்சை வந்து இதைப் பாருங்கோ."

இருவருமாகத் தோட்டத்துக்கு ஓடினோம். தண்ணீர்ப் பம்பு இறைத்துக்கொண்டிருந்தது. வெங்காயப் பாத்திகளுக்கு இடையே வாய்க்கால் முழுவதும் பச்சையாக மின்னி ஓடியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை, அவ்வளவு பயமும் பட்டதில்லை. எங்களுக்குக் கீழே இருப்பது ஓட்டைகள் நிறைந்த சுண்ணக்கல், பம்பு இழுக்கிற பக்கம் தண்ணீர் போகும் என்று அதிகாரி தாழ்ந்த குரலில் விளக்கினார். தோட்டக்காரர் மண்வெட்டியோடு அசையாமல் நின்றார். அவர் அதிகாரியைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"எத்தினை வரியமா விடுறியள்?"

"ஒன்பது."

"என்ரை பேத்திக்கு எட்டு வயது" என்றார்.

அன்றைக்கே வாய்க்காலை அடைத்தேன். தொட்டி கட்டி முடியும்வரை ஒருவரையும் அனுப்பவில்லை, முறை வைத்து அரைநாள் அரைநாளாக வேலை செய்தார்கள். கழுவுகிற கூலியைக் கூட்டினேன். சிலர் ஒழுங்கைக்காரனிடம் போய்விட்டார்கள். அவனிடமும் பத்திரம் கேளுங்கள் என்று இப்போது அதிகாரியின் கந்தோருக்கு நடக்கிறவன் நான்தான். விதி போடுகிறவர்களோடு எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் தொழில் செய்யலாம், ஆள் பார்த்து வந்தால் நேர்மையானவன்தான் முதலில் கடையைப் பூட்டுவான்.

தோட்டத்துக் கிணற்றை அடுத்த மாரி மழை முடிந்த பிறகு பரிசோதித்தார்கள். தண்ணீர் நல்லது என்று கடிதம் வந்தது. மறுநாள் காலை தோட்டக்காரர் தானே ஒரு கான் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். தம்ளரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்து முடிக்கும்வரை அவர் போகாமல் நின்றார்.