சாட்சிக்கு ஒருத்தி

பல்கலைக்கழகத்தில் சமயப் பாடம் நடத்தும் அவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'சமரசம்'. அது காதில் விழுந்தால் மனுஷனுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிடும். பிறர் மதத்தை மதிக்கக் கற்றுக்கொடுக்கவே தான் பிறவி எடுத்ததாக நினைப்பு.

அந்த வருஷம் அவர் வகுப்பில் வேற்று மதத்துப் பெண் ஒருத்திதான் இருந்தாள். அவருக்கு அது தோதாகப் போயிற்று. எந்தப் பாடம் எடுத்தாலும் அவளை எழுப்பி நிறுத்துவார்.

"நீ சொல்லும்மா, உங்க ஆளுங்க இதை ஏன் இப்படிப் பண்றாங்க?"

அப்படிக் கேட்பதுதான் மரியாதை என்று மனதார நம்பினார். அவள் மதத்துக்காரன் ஒருவன் எங்கோ நாலு பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த மறுநாளும் விடவில்லை.

"இதைப் பத்தி உங்க ஆளுங்க என்ன நினைக்கிறாங்க?"

வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்று உட்கார்ந்தவள், அதன்பின் வகுப்புப் பக்கம் தலைகாட்டவில்லை.

அடுத்து அவள் மதத்தைப் பற்றிய பாடமே வந்தது. சொல்ல ஆளில்லாமல் அது பாதியில் நின்றது. கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று விடுதிக்குப் போனார்.

"யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டார் விடுதிக் காப்பாளர்.

வகுப்பில் வரிசை எண்ணைச் சொல்லியே வருகை எடுத்துப் பழகியவர் அவர். வருஷம் முழுக்க எழுப்பி நிறுத்தியவளின் பெயர் வாயில் வரவில்லை, தெரிந்தால்தானே வரும். மதத்தின் பெயரைச் சொன்னார்.

"ஓ, அந்தப் பொண்ணா? படிப்பே வேணாம்னு போன வாரமே பெட்டியைக் கட்டிட்டுப் போயிருச்சே."

காப்பாளரும் அவள் பெயரைச் சொல்லவில்லை.