பாதி டப்பா புகையிலை

எங்கள் பள்ளியில் பைப் பிடிக்கிறவர்கள் இருவர்தான். ஒருவன், அலுவலக எழுத்தரான நான். இன்னொருவர் ஓவிய ஆசிரியர். என்னைவிட ஆறு வயது இளையவர். எழுபதுகளின் கடைசியில் மாதம் ஒருமுறை சேர்ந்து போய், டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் புகையிலை வாங்குவோம். கடைக்காரர் ஒரு சிட்டிகையைத் தாளில் வைத்து நீட்டுவார். நான் விரலில் தேய்த்து, முகர்ந்து, வீட்டுக்கு வந்ததும் அதன் மணத்தை டைரியில் எழுதிவைப்பேன். "எல்லாம் புகைதாண்ணே" என்று அவர் சிரிப்பார்.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி, விடுப்பில் வந்த இடத்தில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அவன் கடைசியாகக் கொண்டுவந்த புகையிலை டப்பாவில் பாதி மீதியிருந்தது. அதைத் துண்டில் சுற்றி, கே.கே. நகரில் இருந்த என் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"உங்க பீரோவுல இருக்கட்டும்ணே. எங்கிட்ட இருந்தா ஒரே வாரத்துல ஊதித் தள்ளிருவேன். வருசத்துக்கு ஒரு தடவ, கல்லறைத் திருநாளைக்கு மட்டும் பிடிக்கணும். அம்புட்டுதான்."

டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டி வைத்தேன்.

சித்திரையில் ஒருநாள் திறந்து பார்த்தபோது புகையிலை சருகாகி, தொட்டால் உதிர்ந்தது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் தெருமுனை வெற்றிலைக் கடைக்குப் போனேன். அங்கே புகையிலை எந்தக் கோடையிலும் பதமாகவே இருக்கும். காய்ந்த புகையிலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சாரும் வாயில போட ஆரம்பிச்சாச்சா? வீட்டம்மா கதவத் தெறப்பாங்களா?" என்றார் கடைக்காரர். பிறகு சொன்னார்: "கருப்பட்டித் தண்ணியக் கொஞ்சமாத் தெளிச்சு வைங்க. பட்டு மாதிரி ஆயிரும்."

பைப்புக்கு என்று நான் சொல்லவில்லை. எல்லாம் புகையிலைதானே என்று நினைத்தேன். அவர் தினமும் திறந்து விற்கிற சரக்கு அது. நானோ தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூடியைச் சுற்றி மெழுகும் உருக்கி ஊற்றினேன். ஆடியில் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். புளித்த நாற்றம். அள்ளிக் கொல்லையில் புதைத்தேன்.

அன்றே ஓவிய ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். நான் தனியாக டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் நான்கு வகையை முகர்ந்து பார்த்தேன். தம்பியின் புகையிலையில் உலர்ந்த திராட்சை வாசம் இருக்கும். இனிப்பானதில் இரண்டு பங்கும் காரமானதில் ஒரு பங்கும் கலந்தபோது கிட்டத்தட்ட அது வந்தது.

"யாருக்கு சார் இம்புட்டுச் சோதனை?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்" என்றேன். வீட்டுக்கு வந்து, அதே டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் பாதிவரை நிரப்பினேன்.

கல்லறைத் திருநாளன்று மாலை ஓவிய ஆசிரியர் என்னையும் தம்பியின் கல்லறைக்குக் கூட்டிப்போனார். மெழுகுவர்த்தி ஏற்றி, செவ்வந்தி வைத்து ஜெபம் முடிந்ததும் நான் கொண்டுபோன டப்பாவைத் திறந்து வெகுநேரம் முகர்ந்தார்.

"அவன் சட்டையில அடிக்கிற அதே வாசம்ணே."

அவருடைய அம்மா கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில் மகன் ஒரு சிட்டிகை வைத்தார். அம்மா அதை முகர்ந்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எம்புட்டுப் பத்திரமா வச்சிருந்திருக்கீக தம்பி" என்றார் என்னிடம்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்பதுதான் வந்தது.

"இனிமே டப்பா எங்க வீட்லயே இருக்கட்டும்ணே, அம்மா கேக்குறாக" என்று அவர் வாங்கிக்கொண்டார். அம்மா அதைத் தம் சேலைகளோடு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு கல்லறைத் திருநாளுக்குக்கூட அதை யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆனையூரில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, கேக்கை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்து வருவார்.

"வாசம் போயிருச்சா, இருக்கா? நீங்கதான் சரியாச் சொல்லுவீக."

முகர்ந்து பார்ப்பேன். "அப்படியே இருக்கும்மா" என்பேன்.