ஊர் ருசி அறிந்த காபித்தூள் கடை

பிள்ளைகளே, நேற்று சூப்பர் மார்க்கெட்டில் காபிக்கொட்டை வறுபடும் வாசனைக்கு நான் அசையாமல் நின்றதைப் பார்த்துச் சிரித்தீர்களே, அது என் அப்பாவுடைய கடையின் வாசனை. சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் காபித்தூள் கடையில் அரவை மிஷின் காலையெல்லாம் கடகடத்துக்கொண்டிருக்க, ஆள் படியேறும்போதே, கரிவலம்வந்தநல்லூர்க்காரருக்குச் சிக்கரி தூக்கலாக, டீச்சர் வீட்டுக்குக் கொஞ்சம் கருக வறுத்தது என்று அப்பாவின் கை தானாக அள்ளும்.

ஒரு காபித்தூள் கம்பெனிக்காரர் மூன்று நாள் எங்கள் முக்காலியில் உட்கார்ந்து, "அண்ணாச்சி மாதிரி ஊரை அறிஞ்சவரு யாரு இருக்கா?" என்று சொல்லச் சொல்ல, அப்பா பெருமையோடு எல்லார் ருசியையும் ஒப்பித்தார், வந்தவர் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் அதே ருசிகள் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் பெட்டிக்கடைதோறும் தொங்கின.

"ஊரு நாக்கையே அவன் பையில போட்டு அனுப்பிட்டு, இப்ப ஈ ஓட்டுதீங்க," என்றாள் என் அம்மா. அப்பா, கொட்டையே போடாத மிஷினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இப்போது ஏ.டி.எம். இருக்கிறது.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, வீட்டில் யாருக்கு எது பிடிக்கும் என்று அந்த சூப்பர் மார்க்கெட்டிலிருந்து போனில் கேள்விகள் வந்தன. தனியாக உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் பிடிக்காது என்று அழுத்தி அனுப்பினேன்.