மூன்று விளக்குகளும் பதினேழு பாசஞ்சர்களும்

1. இல்லாத விளக்குக்கு ஒரு நோட்டீஸ்

கைடு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "என்னென்ன இடம் காட்டணும்?" என்பதுதான். காட்ட இடமே இல்லாதபோது என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அந்தச் சிக்கல் வேலைக்கு வந்த ஐந்தாவது மாதத்திலேயே வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பாசேஜ் டிபார்ட்மெண்ட் கிளார்க்காக இருந்தேன். கப்பல் துறையில் நிற்கும் சில மணி நேரத்தில் பாசஞ்சர்களைக் கரைக்கு அழைத்துவந்து, ஊரைக் காட்டி, ஒருவர்கூடத் தொலையாமல் திரும்ப ஏற்றிவிட வேண்டும். 'ஷோர் பார்ட்டி' என்போம். அதற்கு முன்பு அதே கம்பெனியின் கொடவுனில் கொப்பரை மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொப்பரை வாடை சட்டையை விட்டாலும் ஆளை விடாது. ஆறு மாதம் புரொபேஷன், பிறகு கன்பர்மேஷன் என்று சொல்லித்தான் மேலே ஏற்றினார்கள்.

நிபோங் திபாலில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தது. தையில் கல்யாணம். மாமனாராக வரவிருந்தவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி, எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். "கன்பர்மேஷன் லெட்டரைக் காட்டுங்க மாப்பிள்ளை, அப்புறம் பத்திரிகை அடிப்போம்" என்று சொல்லியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டார். துரையும் பாசஞ்சர்களும் பேசியது இங்கிலீஷ். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"நாளன்னிக்குப் பெரிய கப்பல் வருது. பினாங்கின் கிறிஸ்துமஸ் விளக்குகளையும் சந்தைகளையும் நடந்தே பாருங்கள்னு கப்பல்ல நோட்டீஸ் போடச் சொல்லித் தந்தி அடிச்சிட்டேன். பதினேழு பேர் பேர் கொடுத்திருக்காங்க. நீ கூட்டிட்டுப் போ."

"எந்த விளக்கு சார்?" என்று கேட்டேன்.

துரை என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானே? கம்ப்ளெயிண்ட் புக்கில ஒரு வரி வந்தாலும் மறுநாள் காலையில நீ கொடவுன்ல இருப்பே."

2. கணக்கெடுப்பு

எங்கள் ஹெட் கிளார்க் அந்தோணி அண்ணன் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டிலிருந்து வரும் பலகாரம் மட்டுமே. ஆகவே அன்று சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன்.

பிஷப் ஸ்ட்ரீட்டில் வெள்ளைக்காரர் சாமான் வாங்கும் பெரிய கடை ஒன்றில் கலர் பல்பு கட்டியிருந்தார்கள். அது ஒன்று. ஒரு ஹோட்டல் வாசலில் சவுக்கு மரத்தை வெட்டி நட்டுச் சரிகை சுற்றி, நாலு பல்பு போட்டிருந்தார்கள். அது இரண்டு. மாதா கோயிலில் குடில் ஜோடித்தாகிவிட்டது, ஆனால் முன்னால் திரை.

"திரையைக் கொஞ்சம் விலக்கச் சொல்லலாமாண்ணே?"

"பாலன் பொறக்கிறதுக்கு முன்னாடி எப்படிடா காட்டுறது? அதெல்லாம் முடியாதுலா. வேணும்னா வாசல்ல தொங்குற காகித நட்சத்திரத்தைக் காட்டிக்க."

அதோடு மூன்று. மூன்றையும் பார்த்து முடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதிலும் அண்ணன் நடுவில் நின்று காப்பி குடித்தார். நோட்டீஸில் போட்டிருந்ததோ இரண்டரை மணி நேரம்.

"மெதுவா நடக்க வையி" என்றார் அண்ணன். அவர் கொடுத்த ஒரே யோசனை அதுதான்.

3. ஜாகாவுக்கு ஒரு தம்பி

இருட்டத் தொடங்கும் நேரத்தில் பதினேழு பேரும் துறையில் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் ஒரு வயதான அம்மாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, கையில் மட்டும் நீளமாக ஒரு குடை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தாராம். அதைக் கேட்டதுமே என் மூன்று விளக்கையும் மனசுக்குள் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். அவரைக் குடைக்காரம்மா என்றே சொல்கிறேன்.

பிஷப் ஸ்ட்ரீட் கடை வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா உட்கார்ந்திருந்தார். வேஷம் போட்டிருந்தவர் கடையின் ஜாகா, அதாவது காவல்காரர், பஞ்சாபிக்காரர். தாடி சொந்தத் தாடி. பாதி ஏற்கெனவே நரைத்திருந்தது, மீதிக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். தலைப்பாகையையும் சிவப்பாகவே கட்டியிருந்தார். பாசஞ்சர்கள் சந்தோஷமாகக் கை குலுக்கினார்கள்.

அந்தக் கடைக்குப் பின்வாசல் சர்ச் ஸ்ட்ரீட்டில் இருந்தது. அங்கேயும் ஒரு வரிசை பல்பு. நான் எல்லோரையும் பினாங்கு ஸ்ட்ரீட் வழியாகச் சுற்றி நடத்தி, கோயில் நட்சத்திரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டி, வழியில் ஒரு பழக்கடையில் மங்குஸ்தீனை எப்படி உரிப்பது என்று பாடம் நடத்தி, கடைசியில் அந்தப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இது நம் ஊரின் இன்னொரு பெரிய கடை" என்றேன்.

பின்வாசல் அஞ்சடி நடைபாதையில் அதே ஜாகா முக்காலி போட்டு உட்கார்ந்து, தாடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

குடைக்காரம்மா நின்றுவிட்டார். "இவரை இப்பத்தானே பார்த்தோம்?"

"அது அண்ணன், மேடம். இவர் தம்பி."

ஜாகாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு, டீயைக் கீழே வைத்துவிட்டுப் புதிதாகப் பார்ப்பவர் போல எல்லோருக்கும் சலாம் வைத்தார். அந்த உதவியை நான் இன்றுவரை மறக்கவில்லை. குடைக்காரம்மா கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எதையோ எழுதினார். அப்போதே என் மூக்கில் கொப்பரை வாடை அடித்தது.

4. கேம்பெல் ஸ்ட்ரீட் வெளிச்சம்

கோயில் நட்சத்திரத்தையும் ஹோட்டலின் சவுக்கு மரத்தையும் நெடுநேரம் பார்க்க வைத்தும் முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது. சூலியா ஸ்ட்ரீட்டில் வேர்க்கடலை விற்கும் கச்சான் கடை, பூக்கடை என்று எல்லாவற்றையும் சந்தைக் கணக்கில் சேர்த்துக் காட்டிவிட்டு, வேறு வழி தெரியாமல் கேம்பெல் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினேன்.

தெருவே பகலாகக் கிடந்தது. பந்தல், வரிசையாகக் கேஸ் லைட், வட்ட மேஜைகள், கச்சானும் குவாச்சி விதையும் கொறித்தபடி ஜனங்கள். ஒரு பேண்டு கோஷ்டி உற்சாகமான இங்கிலீஷ் மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது. நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு மாளிகை. பல நிறக் காகிதத்தில் மாடி, ஜன்னல், வேலைக்காரர்கள், வாசலில் காகித மோட்டார் கார், உள்ளே விளக்கு.

பாசஞ்சர்கள் ஓவென்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள். நான் பந்தல் காலில் தொங்கிய விளக்குக் கூண்டுகளைப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம், அதில் நீல எழுத்து. பினாங்கில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சீனர் சாவு வீடு, பேண்டும் அதில் சேர்த்தி. அந்தக் காகித மாளிகை செத்தவருக்கு மறு உலகத்தில் இருக்க வீடு. அடக்கத்தின்போது அதைக் கொளுத்துவார்கள்.

"கிறிஸ்துமஸ் சந்தை இதுதானே?" என்று ஒருவர் திரும்பிக் கேட்டார்.

எனக்கு நிபோங் திபால் கண்ணில் தெரிந்தது. "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

உள்ளேயிருந்து செத்தவரின் மூத்த மகன் வந்தார். சீனர் வழக்கப்படி துக்கத்துக்குச் சாக்குத் துணி அங்கி, அதே துணியில் தலைக்கு முக்காடு. "பாருங்க, ஆடு மேய்க்கிறவங்க வேஷம்கூடப் போட்டிருக்காங்க! பெத்லகேம்!" என்று ஒரு பெண்மணி கைதட்டினார்.

மகன் என்னிடம் மலாயில் கேட்டார். "யார் இவர்கள், தம்பி?" அந்தக் காலத்தில் சீனரும் துரையும் வயது பார்க்காமல் தமிழன் எவனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓராங் காப்பால்" என்றேன். கப்பல்காரர்கள். அன்று சாயங்காலம் முழுவதும் நான் பேசியதில் அது ஒன்றுதான் கலப்பில்லாத உண்மை.

அவர் கண் கலங்கிவிட்டது. "அப்பா நாற்பது வருஷம் கப்பலுக்குக் காய்கறியும் கோழியும் கொடுத்தார். ரெண்டு நாளா ஒரு துரைகூட எட்டிப் பார்க்கலை. நீங்க இத்தனை பேர் வந்திருக்கீங்க. உட்காரச் சொல்லு."

என் பின்னால் குடையின் நுனி தரையில் தட்டியது. குடைக்காரம்மா காகித மாளிகையைக் காட்டிக் கேட்டார். "என் அக்கா பேத்திக்கு இது ரொம்பப் பிடிக்கும். என்ன விலைன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

அந்த மகனின் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னொரு பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. லெட்டர் போனால் போகட்டும் என்று தோன்றியது. "மேடம், இது சந்தை இல்லை. இது இவங்க அப்பா செத்த வீடு. இந்த வீடு அந்தப் பெரியவருக்குச் செஞ்சது. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என்னை விட்டுவிட்டுத் திரும்பி, பள்ளிக்கூடக் குரலில் மற்ற பதினாறு பேரிடமும் இரண்டே வாக்கியம் சொன்னார். கைதட்டிய பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வரிசையாகச் செத்தவரின் படத்துக்கு முன் போய், குடைக்காரம்மா குனிந்த மாதிரியே ஒவ்வொருவரும் குனிந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் வழக்கப்படி மகன் ஒவ்வொருவர் கையிலும் மிட்டாயும் ஒரு சிவப்பு நூலும் கொடுத்தார். வரிசையின் கடைசியில் நானும் குனிந்து என் பங்கை வாங்கிக்கொண்டேன்.

துறைக்குத் திரும்பினோம். கப்பலுக்குக் கொண்டுபோகும் லாஞ்சில் ஏறும் முன் குடைக்காரம்மா கம்ப்ளெயிண்ட் புக்கை வாங்கி, நின்றபடியே அரைப் பக்கம் எழுதினார்.

5. மூன்று மாதம்

மறுநாள் காலை துரை அதை வாய்விட்டுப் படித்தார். "பார்த்தது மூன்று விளக்கு. அதில் ஒன்றை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தோம். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தம்பி இருப்பதை இன்றுதான் அறிந்தேன். இந்தக் கைடு மூச்சு விடுவது போலப் பொய் சொல்கிறான்." அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. துரை படிக்கவில்லை. "கொடவுனுக்குக் கிளம்பு" என்றார்.

நான் கதவைத் திறக்கிறேன், சாக்குத் துணி அங்கியோடு வாசலில் செத்துப்போன தவுக்கேயின், அதாவது அந்தச் சீன முதலாளியின், மகன் நிற்கிறார். நேராக உள்ளே வந்து துரையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்களை அனுப்பியதற்கு ரொம்ப நன்றி, அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்று மலாயில் சொன்னார். துரை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு அந்தோணி அண்ணன் மெதுவாகச் சொன்னார். "சாவுச் சேதி மூணு நாளைக்கு முன்னாடியே வந்துச்சு சார். உங்க மேஜையில பேப்பர் வெயிட்டுக்குக் கீழதான் இருக்கு. விளக்கு நோட்டீஸும் நீங்க அடிச்சதுதானே சார்."

துரை காதெல்லாம் சிவந்து, புக்கில் படிக்காமல் விட்ட கடைசி வரியைப் படித்தார்: 'ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையைச் சொன்னான்.' பன்னிரண்டு வருஷமாக அந்தத் தவுக்கேயின் பில்லில் கையெழுத்துப் போட்டவர் அவர். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார். "உன் புரொபேஷன் இன்னும் மூணு மாசம். கொடவுனுக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கேம்பெல் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போனார்.

தைக் கல்யாணம் சித்திரைக்குத் தள்ளிப்போனது. மாமனார் காரணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, 'ஆபீஸ் நடைமுறை' என்று பதில் போட்டேன்.

கன்பர்மேஷன் லெட்டர் கையில் கிடைத்ததும் முதல் கல்யாணப் பத்திரிகையைத் தவுக்கேயின் மகனிடம் கொண்டுபோனேன். துக்கம் காக்கிற வருஷத்தில் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று சொல்லிப் பத்திரிகையை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதை என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷில் சொன்னார். 

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா, தவுக்கே?"

"கப்பலுக்குச் சாமான் கொடுக்கிறவன் இங்கிலீஷ் தெரியாம எப்படிப் பிழைக்கிறது? வெளியில மலாய்தான் பேசுறது, அப்பத்தான் துரைங்க மனசுவிட்டுப் பேசுவாங்க. ஆடு மேய்க்கிறவன்னு சொன்னதும் கேட்டுச்சு, தெரியாம பேசுறாங்கன்னு பொறுத்துக்கிட்டேன். விலை கேட்டதும் கேட்டுச்சு. உங்க எல்லாரையும் வெளியே தள்ள ஒரு அடி எடுத்து வச்சிட்டேன். அதுக்குள்ள நீ உண்மையைச் சொல்லிட்டே. சொன்ன பிறகு அவங்க ஓடிப்போயிருக்கலாம், ஓடலை. தொப்பியைக் கழட்டிட்டு நின்னாங்க. அதுக்குத்தான் ஆபீசுக்கு வந்தேன்."

பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இந்தத் தொழிலில் எப்போதாவது வாயில் வந்துவிடும். வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் திருத்திச் சொல்லிவிடுங்கள். எதிரே நிற்பவருக்கு நீங்கள் பேசும் பாஷை தெரிந்திருக்கும்.