பெயர் எழுதிய பக்கங்கள்

பாரிசின் லா சப்பலில் அப்பா வேலை செய்த பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் ஒரு துருக்கிப் புத்தகக்கடை இருந்தது. அதை நடத்தியவரை நான் துருக்கி அன்ரி என்பேன். அப்பா மதாம் என்பார். இருவரும் பேசிக்கொண்டது அரைகுறைப் பிரெஞ்சில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் பட்டறைகளில் வேலை செய்யும் துருக்கிக்காரர் அங்கே கூடுவார்கள். ஒருவர் நாவலை உரத்து வாசிக்க, மற்றவர்கள் தேநீர்க் கிளாசோடு கேட்டிருப்பார்கள். கதையில் யாராவது செத்தால் பெரிய மீசைக்காரர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். எனக்கு அது நல்ல வேடிக்கை. அன்ரியின் தாத்தா வலமிருந்து இடமாக வாசித்துப் பழகியவராம். துருக்கி அரசாங்கம் அரபு எழுத்தை இலத்தீன் எழுத்தாக மாற்றிவிட, நரைத்த தாடியோடு பள்ளிக்கூட வாங்கில் இருந்து புதிதாக அரிச்சுவடி படித்தாராம். அதைச் சொல்லும்போது அன்ரிக்கு முகமெல்லாம் பெருமை.

பிறகு எதிர்க் கபேயில் பெரிய திரை வந்தது. மீசைக்காரர்கள் கடைப்பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டு கால்பந்து பார்க்கப் போனார்கள். கொஞ்ச நாளில் குனிவதையும் விட்டுவிட்டார்கள். அன்ரியின் மகனுக்குத் துருக்கி எழுத்தில் ஆர்வமே இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது கடை கைமாறியது. கைபேசிக் கடை வரப்போகிறது என்றார்கள். புத்தகங்களை யாரும் கேட்டு வரவில்லை. குப்பை வண்டிக்காகப் பெட்டிகளை வெளியே வைக்க அப்பா உதவிக்குப் போனார். நானும் போனேன்.

அன்ரி நிலத்தில் இருந்தபடி ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கிழித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் வாசகர்கள் இரவலுக்கென்று விட்டுப்போனவை. முதல் பக்கத்தில் அவரவர் பெயர் இருந்தது.

"ஏன் மதாம் கிழிக்கிறீங்கள்?"

"பேர் கிடக்கு. ஆராவது எடுத்துப் பாத்தால்?"

"இது பாரிஸ். இஞ்சை ஆர் பாக்கப் போகினம்?"

"என்ரை தம்பியும் அப்பிடித்தான் சொன்னவன்."

அந்தத் தம்பியின் கதையை அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. துருக்கியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த நேரம், வேறு யாரோ வீட்டில் அகப்பட்ட, தடைசெய்த புத்தகத்தில் அவருடைய பெயர் இருந்ததாம். கூட்டிக்கொண்டு போனார்கள்; ஆள் திரும்பவில்லை. அதன்பின் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் புத்தகங்களைத் தாங்களே எரித்தார்களாம். குளிர் தொடங்குமுன்னரே எல்லாப் புகைபோக்கியும் புகைந்ததாம்.

எங்கள் வீட்டிலும் பெரியப்பா ஒருவர் சுவரில் படமாகத்தான் இருந்தார். அவர் எப்படிச் செத்தார் என்று யாரும் பேசுவதில்லை. அன்று அப்பா கையிலிருந்த பெட்டியை இறக்கிவிட்டு அன்ரிக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தை மெதுவாகக் கிழித்தார்.

புத்தகத்தைக் கிழித்தால் பள்ளிக்கூடத்தில் தண்டனை. இங்கே பெரியவர்களே கிழிக்கிறார்கள்! யார் கூடுதலாகக் கிழிக்கிறார்கள் என்ற போட்டி என்று நினைத்து நானும் இறங்கினேன். இரண்டு கையாலும் கிழித்தேன். அவர்கள் இருவரும் பெயரை வாசித்து வாசித்துக் கிழித்ததால் மிகவும் பிந்திவிட்டார்கள். என் குவியல் முழங்கால்வரை வந்தது.

"நான்தான் வெண்டது!" என்று துள்ளினேன்.

அன்ரி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோற்றதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பாவம், அடுத்த முறை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.