பாபின் டப்பாவில் போன பல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் இருந்தபடியே ராஜபாளையத்துக் கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். ஆனாலும் குனிந்து நூலைப் பல்லால் கடித்தால்தான் எனக்குத் தைத்து முடித்த மாதிரி இருக்கும். கடித்துக் கடித்தே முன்பல்லில் பள்ளம் விழுந்திருந்தது. போன ஆவணியில் அந்தப் பள்ளத்தோடு பல் பாதியாக உடைந்து மடியில் விழுந்தது.

எனக்கோ எடுத்ததற்கெல்லாம் சிரிப்பு வரும். அன்றிலிருந்து பேசும்போதுகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன். மிச்சத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து டாக்டரிடம் போகவில்லை.

"எம்புட்டு நாளைக்கு இப்படி வாயப் பொத்திக்கிட்டு இருப்ப? நீ சிரிக்காம வீடே நல்லால்ல. கெளம்பு," என்று என் வீட்டுக்காரர்தான் ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனார்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வேர் நன்றாக இருப்பதால் பிடுங்க வேண்டாம், மேலே பல் மாதிரியே உறையாக ஒரு கேப் போட்டுவிடலாம் என்றார். வேரைச் சுத்தம் செய்து அடைத்தார். மிச்சப் பல்லைச் சுற்றிலும் ராவி, அச்சு எடுத்தார். நிஜக் கேப் வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக ஒன்றை ஒட்டிவிட்டு, முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு சிவப்பு நைட்டிக்குக் கழுத்து தைத்து முடித்தேன். யோசிப்பதற்கு முன்பே பல் நூலுக்குப் போய்விட்டது. நூலோடு கேப்பும் கையில் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் குச்சி மாதிரி ஒரு துண்டுதான் நின்றது. வேரும் ஆட்டம் கண்டிருக்கும், இனிப் பிடுங்கத்தான் வேண்டும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கேப்பை, மெஷினுக்கு நூல் சுற்றி வைக்கும் பாபின் டப்பாவில் போட்டுக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா அந்தத் துண்டைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து இடுக்கியால் கேப்பை எடுத்தார். அதில் சிவப்பு நூல் தொங்கியது. எதைக் கடித்தேன் என்று அவர் கேட்கவே இல்லை.

"வேர் அசையவே இல்லம்மா. ஒங்க நிஜக் கேப்பும் வந்துருச்சு. இன்னைக்கே மாட்டிருவோம்," என்றார்.

அப்பாடா என்று இருந்தது. எனக்கு நாற்காலியிலேயே கண் நிறைந்துவிட்டது. மாட்டி முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது, எது என் பல், எது கேப் என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நாக்கு அதையே தடவிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் நூல் கதையைச் சொல்லி, மறைக்காமல் சிரித்தேன்.

சாயங்காலம் மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். தையல் முடிந்தது, தலை தானாகக் குனிந்தது. இத்தனை நாள் உடைந்த பல்லை மறைத்த கை சட்டென்று எழுந்து வாயைப் பொத்தியது. இன்னொரு கையால் கத்தரிக்கோலைத் தேடினேன்.