பன்னிரண்டு பேரின் ஃபோனில்

பொங்கல் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில் எங்கள் வாடகை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், காய்ச்சலில் படுத்திருந்த எங்கள் மகள், பூதலூர்ப் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்திருந்த என் வீட்டுக்காரருடைய அக்கா, அக்காவின் வீட்டுக்காரர். இவர்கள் இருவரும் எனக்கு அண்ணி, அண்ணன். வேறு யாரும் இல்லை. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், அன்றைக்கு நடந்ததைப் பற்றி உறவில் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதுதான். அங்கே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்கிறார். ஃபோனில் ஓடும் ஆப்களை எழுதுவதுதான் பாடம். அதிலேயே பிஎச்டியும் செய்கிறார். வகுப்பில்லாத கோடையில் சம்பளம் கிடையாது. பட்டம் வந்தால்தான் நிரந்தர வேலைக்கு மனுப் போட முடியும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனாலும் புதிதாக ஒரு திரை செய்தால் முதலில் என்னிடம்தான் நீட்டுவார். "எழுத்தப் படிக்காத. பட்டுனு எங்க தொடத் தோணுதோ அங்க தொடு" என்பார். நான் தப்பான இடத்தில் தொட்டால் அவருக்குச் சந்தோஷம். உட்கார்ந்து பொத்தானை இடம் மாற்றுவார். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்வாராம்: எழுதினவன் கையில் கொடுத்துச் சரிபார்க்காதீர்கள், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் கையில் கொடுங்கள்.

அவருடைய ஆப் வாய்க்காலுக்கானது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், மேலே இருப்பவர் தன் வயலுக்குத் தண்ணீர் வந்ததும் ஒரு தடவை தொட்டால் போதும். கீழே இருப்பவர்களின் ஃபோனில் மணி அடிக்கும். மதகில் போய்க் காவல் கிடக்க வேண்டாம்.

ஃபோனில் ஆப் இறக்குகிற ஸ்டோரில் இது ஏறினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்று அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். ஸ்டோர்காரர்களோ, முதலில் பன்னிரண்டு பேர் விடாமல் இரண்டு வாரம் அதைத் தங்கள் ஃபோனில் வைத்திருந்து சோதிக்க வேண்டும் என்றார்கள். நடுவில் ஒருவர் விலகினாலும் மறுபடி முதலிலிருந்து. மாணவர்களைச் சேர்த்தால் மார்க்குக்குப் பயந்து வைத்திருப்பார்கள், அது கூடாது. தண்ணீர் ஓடும் வாய்க்காலில் உண்மையான விவசாயிகள்தான் வேண்டும் என்றார் பேராசிரியர். ஆய்வுக்குக் கொடுத்த காலம் மாசியோடு முடிகிறது. தண்ணீரோ அதற்கும் முன்னால், தை பாதியிலேயே மேட்டூரை மூடினால் நின்றுவிடும்.

ஆள் பிடிக்கிற வேலை என்னுடையது. அண்ணி ஊரில் ஒரே வாய்க்காலில் அண்ணனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைப் பிடித்தேன். பதின்மூன்றாவதாக ஒருவர் கிடைக்கவில்லை. மற்றவர்கள் வைத்திருந்தது பட்டன் ஃபோன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. யார் ஃபோன் சேற்றில் விழுமோ, யார் கல்யாண வீடியோவுக்கு இடமில்லை என்று ஆப்பைத் தூக்குவாரோ என்று இருட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பேன். விடிந்ததும் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, "ஆப் இருக்குல்லண்ணே? அழிச்சிடாதீங்கண்ணே" என்று சொன்ன பிறகுதான் காப்பி இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வாரம் முடிய இரண்டே நாள் பாக்கி. அண்ணியின் வீட்டுக்காரர் நேரில் வருகிறாரே என்று அவரை மட்டும் காலையில் கூப்பிடவில்லை. அவருக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்து ஆள் கணக்கைப் பார்த்தார்.

"பதினொண்ணு காட்டுது."

யார் விலகியது என்று அந்தத் திரை சொல்லாது. குழம்புக் கரண்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எல்லாரும் இருக்கிறது என்றார்கள். ஒருவர், "ஒன் ஆப்ப பீரோல வச்சுப் பூட்டியிருக்கேன் தாயி, சாவிய வேணா ஒனக்கு அனுப்பட்டா?" என்று சிரித்தார். பதினோரு பேரையும் கேட்டாயிற்று. திரும்பிப் பார்த்தேன். இலையில் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"நாந்தான் எடுத்துட்டேன்" என்றார்.

"எப்ப மாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நேத்து சாயங்காலம். ரீசார்ஜ் கடை பாய்ட்ட குடுத்து எடுக்கச் சொன்னேன். அவரு உள்ள போயி சோதனையிலேருந்தே வெலக்கி விட்டுட்டாரு."

"வயல்ல பூச்சி வுழுந்தாக்கூட மருந்தடிக்க நாலு நாளு யோசிப்பீங்க" என்றார் அண்ணி. "இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இம்புட்டு சுறுசுறுப்பு?"

"நீ சும்மா இரு. நம்ம தெருவுல ஒருத்தன் கடன் ஆப்ப எறக்கப்போயி, அவன் படத்த அசிங்கமா ஒட்டி சாதிசனத்துக்கெல்லாம் அனுப்பிட்டானுவோ. தங்கச்சி தெனம் விடியக்காலைல கூப்ட்டு அழிச்சிடாதீங்க, அழிச்சிடாதீங்கன்னுச்சு. நல்ல சாமான்னா ஏன் இப்புடிக் கெஞ்சணும்? எனக்குப் பயம் வந்துட்டு."

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். அவரோ அண்ணனின் ஃபோனை வாங்கி அப்போதே மறுபடி சேர்த்தார். ஆள் கணக்கு பன்னிரண்டு ஆயிற்று. நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது.

பேராசிரியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"தண்ணி நிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு வாரம் தேறுமா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"தேறாது சார்."

"அப்ப நான் எதுல கையெழுத்துப் போடறது? நீட்டிப்புக்கு எழுதிக் குடுங்க."

"நான் வேணா வந்து தப்பு என்னுதுன்னு சொல்லட்டா மாப்ள?" என்றார் அண்ணன்.

"சொன்னா தண்ணி வருமா மாமா?"

சோறு இலையிலேயே இருந்தது. சாயங்கால ரயிலுக்கு அவர்கள் கிளம்பும்போது அண்ணி மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

வழக்கம்போல மேட்டூரை மூடினார்கள். ஆறு மாத நீட்டிப்புக்கான கட்டணத்தை மகளிர் குழுவில் இருபதாயிரம் கடன் வாங்கிக் கட்டினேன். ஆனியில் தண்ணீர் வந்தால் அந்தப் பன்னிரண்டு பேரோடு மறுபடி தொடங்கலாம். வராமல் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று அவரிடம் இதுவரை கேட்கவில்லை. இப்போது கோடை, வகுப்பு இல்லை, சம்பளமும் இல்லை. வாராவாரம் குழு கூடும் நாளன்று காலையிலேயே தவணைக் காசை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். வட்டி போக, அசலில் இன்னும் பாக்கி பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.